1492இல் முடியாத ஸ்பெயின்: அரேவலோ நகரும் அதன் வாலிபரும்

ஸ்பெயினைப் பற்றித் தமிழில் நாம் எழுதியவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு வாய்பாடு தெரியவரும். கட்டுரையாகட்டும், கவிதையாகட்டும், மேடைப் பயானாகட்டும், 711இல் தாரிக் பின் ஸியாத் கடல் கடப்பதில் தொடங்கும். கொர்தோபாப் பள்ளிவாசலின் தூண்களுக்கிடையில் கொஞ்சம் நடக்கும். அல்ஹம்ராவின் தடாகக் கரையில் கொஞ்சம் அழும். 1492 ஜனவரியில் கடைசி மன்னர் அபூ அப்தில்லாஹ் கிரனடாவின் திறப்பைக் கையளிப்பதோடு முடிந்துவிடும். பிறகு ஒரு பெருமூச்சு. அத்தோடு சரி.

இந்த வாய்பாட்டின் மீது எனக்குள்ள முறைப்பாடு, அது மிகைப்படுத்துகிறது என்பதல்ல. பாதியில் நிறுத்திவிடுகிறது என்பதுதான். 1492க்குப் பிறகும் ஏறத்தாழ 120 ஆண்டுகள் முஸ்லிம்கள் ஸ்பெயினில் வாழ்ந்தார்கள். அதற்கு முன்பே, 1085இல் தொலேதோ கைமாறிய நாளிலிருந்து, கஸ்தீலியப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவ மன்னர்களின் குடிகளாக வாழ்ந்த முஸ்லிம்கள் இருந்தார்கள். அவர்களிடம் அரண்மனை இல்லை, படை இல்லை. கொத்தனாராக, தச்சராக, கொல்லராக, தோட்டக்காரராக இருந்தார்கள். அரபியை மெல்ல மெல்ல மறந்து அயலவரின் மொழியையே தாய்மொழியாகப் பேசினார்கள். இன்னொரு பெரும்பான்மைக்கு நடுவில், இன்னொரு மொழியில், தீனைக் காப்பாற்றப் பாடுபட்டவர்கள். நம்மைப் போன்றவர்கள் என்று யாரையாவது சொல்லலாமென்றால் இவர்களைத்தான் சொல்லலாம். ஆனால் நம்மட எழுத்தில் இவர்களுக்கு ஒரு பந்திகூட இல்லை. ஆட்சி போனதும் நமக்கு ஆர்வமும் போய்விடுகிறது.

இந்தக் குறையைச் சொல்லிக் காட்ட ஒரு சின்ன ஊரை எடுத்துக்கொள்கிறேன். ஸ்பானிய மொழி எனக்குத் தெரியாது. எல். பி. ஹார்வியும் லூஸே லோபெஸ்-பரால்ட்டும் எழுதிய ஆய்வுகளை ஆங்கிலத்தில் வாசித்தே இதை எழுதுகிறேன்.

அந்த ஊரின் பெயர் அரேவலோ. மத்திய ஸ்பெயினில், ஆவிலா மாகாணத்தில், அடஹா, அரேவலியோ என்ற இரண்டு ஆறுகள் கூடும் மேட்டில் இருக்கிறது. இன்று அங்கே எண்ணாயிரம் பேர் அளவில் வசிக்கிறார்கள். சுற்றிலும் கோதுமை வயல். கல் அரிதான பூமி என்பதால் கோயில், கோபுரம், பாலம், மதில்வாசல் எல்லாவற்றிலும் செங்கல்லே முன்னிற்கிறது. (இன்றைக்கு அரேவலோ என்றால் ஸ்பானியருக்கு முதலில் நினைவுக்கு வருவது சூளையில் வாட்டிய பன்றிக்குட்டி. முஸ்லிம்களின் மரபுரிமைக்குப் பெயர் வாங்கிய ஊருக்கு இப்படியும் ஒரு புகழ்!)

சின்ன ஊர்தான், ஆனால் அதற்குள் நுழைந்து போனவர்களைப் பாருங்கள். யூத ஞானநூலான ஸோஹரை உலகுக்குத் தந்த மோஸஸ் தெ லெயோன் 1305இல் இறந்தது இங்கேதான். யேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா தன் இளமையில் சுமார் பத்து ஆண்டுகளை இங்கே அரச நிதி அதிகாரி ஒருவரின் வீட்டில் கழித்தார். கிரனடாவைக் கைப்பற்றிய ராணி இஸபெல்லா, 1454இல் தந்தை இறந்தபின், தாயோடும் தம்பியோடும் வளர்ந்தது இந்த ஊரில்தான். தாய் மனநலம் குன்றி 1496இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். முஸ்லிம்களைத் தன் நாட்டில் இல்லாமலாக்கிய ராணி, முஸ்லிம் கொத்தனார்களும் தச்சர்களும் தொழில் செய்த தெருக்களில் ஓடி விளையாடி வளர்ந்தவள் என்பது வரலாறு நமக்குக் காட்டும் விசித்திரங்களில் ஒன்று.

இன்னொன்றும் நடந்தது இங்கே. அது நேரே நம்மட கரை வரை வந்து மோதியது. உலகக் கடல்களை ஸ்பெயினும் போர்த்துக்கலும் இரண்டாகப் பிரித்துக்கொண்ட தொர்தெஸியாஸ் உடன்படிக்கையை எல்லோரும் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்போம். 1494 ஜூன் 7இல் கைச்சாத்தான அந்த உடன்படிக்கையை இஸபெல்லாவும் பெர்தினாந்தும் ஜூலை 2ஆம் திகதி உறுதிப்படுத்தியது அரேவலோவில். கிழக்கு நோக்கிய கடல் போர்த்துக்கேயரின் பங்காயிற்று. 11 ஆண்டுகள் கழித்து, 1505இல், அவர்கள் கொழும்பில் வந்து இறங்கினார்கள். இங்கே கண்ட முஸ்லிம்களை அவர்கள் எந்தப் பெயரால் அழைத்தார்கள்? தங்கள் தாயகத்து முஸ்லிம்களை அழைத்த அதே பெயரால், 'மோரோ' என்று. நம்மட பிறப்புச் சான்றிதழில் இன்றும் ஆங்கிலத்தில் 'மூர்' என்று எழுதப்படும் சொல் ஐபீரிய மண்ணில் இருந்து கப்பலேறி வந்த சொல். ஆகவே ஸ்பெயினோடு நமக்குள்ள உறவைத் தேட அல்ஹம்ரா வரை போக வேண்டியதில்லை.

சரி, செங்கல்லுக்கு வருவோம். அரேவலோவின் ஸான் மார்த்தீன் கோயிலுக்கு இரட்டைக் கோபுரம். அவற்றில் ஒன்றின் மேற்பகுதியில் செங்கல்லைச் சதுரம் சதுரமாக அமைத்திருப்பதால் அதற்குச் 'சதுரங்கக் கோபுரம்' என்றே பெயர். ஊருக்கு வெளியே வயல் நடுவில் லா லுகரேஹா என்ற 13ஆம் நூற்றாண்டுக் கோயில் தனியே நிற்கிறது. கன்னியர் மடமொன்றின் எச்சம் அது. வெறும் செங்கல்லை முன்னே தள்ளியும் உள்ளே இழுத்தும், திறவாத வளைவுகளை வரிசையாக நிறுத்தியும், நிழலைக் கொண்டே அலங்காரம் செய்திருக்கிறார்கள். இந்தக் கட்டடப் பாணிக்கு 'முதேஹார்' என்று பெயர். அரபியில் 'முதஜ்ஜன்'. தங்கியிருக்க விடப்பட்டவன் என்றும் பொருள், வீட்டு மிருகம்போல் பழக்கப்பட்டவன் என்றும் பொருள். மனிதர்களைக் குறித்த அந்தச் சொல்லைக் கட்டடங்களுக்குச் சூட்டியவர் ஹொஸே அமதோர் தெ லோஸ் ரியோஸ் என்ற அறிஞர், 1859இல்.

இந்த இடத்தில் நாம் அவசரப்படக் கூடாது. 'கோயிலையும் நாங்கதான் கட்டினோம்' என்று மார்தட்டுவது இலேசு. பழைய கஸ்தீலியாவின் செங்கற் கோயில்கள் எல்லாவற்றையும் முஸ்லிம்கள்தான் கட்டினார்கள் என்பதை ஆய்வாளர் எல்லோரும் ஏற்பதில்லை. கிறிஸ்தவக் கொத்தனாரும் அதே பாணியில் கட்டியிருக்கிறார்கள். பாணி ஒரு சமயத்தாருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. அதேவேளை எதிர்ப்புறத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். உல்லாசப் பயணிகளுக்குச் சொல்லப்படும் அரேவலோவின் கதையில் 'முதேஹார் மரபுரிமை' என்ற தொடருக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பெயருக்குரிய மனிதர்கள் என்ன ஆனார்கள் என்பது அதில் மங்கலாகத்தான் வருகிறது. செங்கல் மரபுரிமையாகிவிட்டது. செங்கல்லை அடுக்கிய கை ஒரு பெயரடையாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்த மனிதர்கள் என்ன ஆனார்கள்? 1502 பெப்ரவரியில் கட்டளை வந்தது. கஸ்தீலிய முஸ்லிம்கள் ஞானஸ்நானம் பெற வேண்டும், அல்லது நாட்டை விட்டுப் போக வேண்டும். போவதற்கான வழியும் நிபந்தனையும் போக முடியாதபடி அமைந்திருந்தன. ஏப்ரல் முடிவதற்குள் வடக்கே விஸ்காயாத் துறைமுகங்கள் வழியாகத்தான் போகலாம். பெரும்பாலானோர் தங்கினார்கள், பெயர் மாறினார்கள். அன்றிலிருந்து அவர்கள் 'மொரிஸ்கோ'.

அந்தத் தலைமுறையில்தான் நான் சொல்லவந்த எழுத்தாளர் வருகிறார். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. 'மன்செபோ தெ அரேவலோ' என்றே நூல்களில் காண்கிறோம். 'அரேவலோ வாலிபர்' என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், வெளியே கிறிஸ்தவராகவும் உள்ளே முஸ்லிமாகவும், ஸ்பெயினின் ஊர்களுக்கெல்லாம் அலைந்தவர். ஹஜ்ஜுக்குப் போகும் நிய்யத்தோடு இருந்த அவரிடம், ஸரகோஸாவில் இரகசியமாகக் கூடிய முஸ்லிம்கள், தீனைப் பற்றித் தங்களுக்கு ஒரு நூல் எழுதித் தரும்படி கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் அவருடைய 'தஃப்ஸீரா'. பெயரைப் பார்த்து ஆயத்து ஆயத்தாக விளக்கும் தப்ஸீர் என்று எண்ணிவிடக் கூடாது. தொழுகை, நோன்பு, ஒழுக்கம், வழியில் சந்தித்த பெரியோர்களின் பேச்சு, பட்ட துன்பம் எல்லாம் கலந்த நூல். காத்ரேத்தே ஊர் ஆலிம் ஒருவரோடு சேர்ந்து அவர் எழுதிய இன்னொரு நூலின் பிரதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

மொழி ஸ்பானியம், எழுத்து அரபு. இந்த எழுத்துமுறைக்கு 'அல்ஹமியாதோ' என்று பெயர். 'அஜமிய்யா', அதாவது அரபியல்லாத மொழி என்ற சொல்லின் திரிபு. அரபுத்தமிழ் அறிந்த ஒருவருக்கு இதைச் சொன்னதுமே விளங்கிவிடும். அரபியில் 'பள்ளி' என்ற சொல்லின் முதலொலி இல்லை. 'கம்பு' என்பதில் வரும் மெல்லிய ஒலிதான் உண்டு. ஸ்பானியத்தில் இரண்டும் வேண்டும். என்ன செய்தார்கள்? 'பே' எழுத்தின் மேல் ஒரு ஷத்து வைத்தார்கள், பிரச்சினை தீர்ந்தது. 'எ' ஒலிக்கு ஃபத்ஹா போட்டுப் பின்னால் ஓர் அலிஃபை நிறுத்தினார்கள். நம் ஆலிம்கள் இதே தேவைக்குப் புள்ளிகளைக் கூட்டினார்கள், 'எ', 'ஒ' ஒலிகளுக்குத் தனிக்குறி செய்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு சமூகங்கள் ஒரே கணக்கை இரண்டு விதமாகச் செய்து விடை கண்டிருக்கின்றன.

எழுத்தைவிடச் சொல்தான் என்னை அதிகம் ஈர்த்தது. மொரிஸ்கோக்களின் ஸ்பானியத்தில் 'ஹலேகார்' என்று ஒரு வினை உண்டு. 'படைத்தல்' என்று பொருள். அரபியின் 'ஹலக'வை எடுத்து அதன் வாலில் ஸ்பானிய வினைவிகுதியை ஒட்டிவிட்டார்கள். படைப்பைச் சொல்ல ஸ்பானியத்தில் சொல் இல்லாமலா? இருந்தது. ஆனால் அந்தச் சொல்லில் பாதிரியாரின் குரல் கேட்டது. நாம் 'மௌத்தாகிவிட்டார்' என்கிறோம், 'வுளு எடுக்கிறோம்', 'நிய்யத்து வைக்கிறோம்', 'ஹயாத்தோடு இருக்கிறார்' என்கிறோம். இறப்புக்குத் தமிழில் எத்தனை சொல்! ஆனாலும் உம்மாவின் வாயில் 'மௌத்து'தான் வரும். இலக்கண ஆசிரியர்கள் இதைப் 'பிறமொழிக் கலப்பு' என்ற தலைப்பின் கீழ்ப் போட்டுவிடுகிறார்கள். கலப்பு என்பது அறியாமையால் வருவது. இது அறிந்து செய்த தேர்வு. உடலெல்லாம் அயலவரின் மொழியாக இருக்க, உயிர் இருக்கும் இடத்தில் மட்டும் தன் சொல்லை வைப்பது.

ஒற்றுமையைச் சொன்னால் வேற்றுமையையும் சொல்ல வேண்டும். அரபுத்தமிழ் வணிகமும் மத்ரஸாவும் வளர்த்த மொழி. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம்மட துறைகளிலும் அது வெளிச்சத்தில் வளர்ந்தது. இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் நூல்களைப் பெண்கள் வீட்டில் உரக்க ஓதினார்கள். அல்ஹமியாதோவும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. அரேவலோவுக்கு அண்டையிலுள்ள ஸெகோவியாவின் ஆலிம் ஈஸா, கஸ்தீலிய முஸ்லிம்களுக்கு அரபி கைநழுவிவிட்டது என்ற கவலையில் 1462இல் அவர்களுடைய மொழியிலேயே மார்க்கச் சட்ட நூல் ஒன்றைப் பகிரங்கமாக எழுதி முடித்தார். மன்செபோவின் காலத்தில் நிலைமை வேறு. அரபு எழுத்திலான ஏடு வீட்டில் இருப்பதே இன்குவிஸிஷன் விசாரணைக்குப் போதுமான சாட்சி. அதே எழுத்து, ஒருவருக்கு அணிகலன், மற்றவருக்கு மரண பயம்.

இப்போது விமர்சனத்தின் கடினமான பகுதிக்கு வருகிறேன். மன்செபோ நம்பத்தகுந்த ஆசிரியரா? இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய ஆன்மிகப் பயிற்சி நூலில் பல பகுதிகள் தோமஸ் அ கெம்பிஸின் நூலில் இருந்து எடுக்கப்பட்டவை என்பதை ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' என்று அறிந்திருக்கும் அதே நூல். கிறிஸ்துவின் பெயர் வரும் இடங்களை மாற்றி, முஸ்லிம் பெரியார்களின் வாக்காக அவற்றைத் தருகிறார். 'தஃப்ஸீரா'வில் ஓர் இடம் 'லா செலெஸ்தினா'வின் முன்னுரையில் இருந்து வந்தது என்பதை மரியா தெரேஸா நர்வாயெஸ் கண்டுபிடித்தார். செலெஸ்தினா என்பவள் யார்? காதல் தூது போகும் கிழட்டுக் கூட்டிக்கொடுப்பவள்! யூத வழிவந்து கிறிஸ்தவரான ஒருவர் எழுதிய அவளுடைய கதையின் முன்னுரை, ஒரு முஸ்லிமின் மார்க்க நூலுக்குள் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறது.

தமிழ் படித்தவனுக்கு இது அவ்வளவு அதிர்ச்சி தராது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டுக்கு மழையையும் வயலையும் கம்பனிடமிருந்துதானே கொண்டுபோனார். மக்காவைச் சுற்றி மருதம் விளைந்ததற்காக நாம் அவரைக் குறை சொல்வதில்லை, கொண்டாடுகிறோம். அப்படியானால் மன்செபோவையும் விட்டுவிடலாமா? அந்த அளவுக்கு எனக்குச் சமாதானம் இல்லை. உமறு எடுத்தது காப்பிய மரபை. அதைச் சபையறிய எடுத்தார், கேட்டவர்களுக்கும் அது கம்பனின் வழி என்று தெரியும். மன்செபோ எடுத்தது வேறொருவரின் சிந்தனையை. எடுத்த இடத்தை மறைத்து, வேறு பெயரை அதன் மேல் எழுதினார். ஸரகோஸாவில் உயிரைப் பணயம் வைத்துக் கேட்டவர்கள் அதைத் தங்கள் முன்னோரின் வாக்கு என்று நம்பியிருப்பார்கள். ஒரு ஹதீஸ் அறிஞர் இந்த மனிதரின் ரிவாயத்தை ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது.

ஆனால் மார்க்க அதிகாரமும் இலக்கியப் பெறுமதியும் ஒன்றல்ல. நூல்கள் எரிக்கப்பட்டு, ஆலிம்கள் சிதறிப்போன நாட்டில், பணிவையும் பொறுமையையும் தன் மக்களுக்குச் சொல்ல அவர் கைக்கெட்டியதை எல்லாம் எடுத்தார். கெம்பிஸ் கைக்கெட்டியது. இடிந்த வீட்டின் செங்கல்லால் அடுத்த வீட்டைக் கட்டுகிற கொத்தனாரின் வேலை அது. மற்றவர்களிடமிருந்து எடுத்த பகுதிகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் மிஞ்சுவது சாதாரணமானதல்ல. அவருடைய பயணப் பகுதிகளைத்தான் சொல்கிறேன்.

கிரனடாவில் அவர் சந்தித்த இரண்டு பேர். ஒருவர் 'ஊபெதா மூர்மாது' என்று அவர் குறிக்கும் 93 வயது மூதாட்டி. கிரனடாவின் வீழ்ச்சியில் உறவினர் எல்லோரையும் இழந்தவர். மார்க்க ஞானத்துக்காக ஊரே அவரை மதித்தது. ஆண் ஆலிம்களின் பட்டியலாகவே நிரம்பிக்கிடக்கும் நம் இலக்கிய வரலாறுகளோடு ஒப்பிட்டால், இந்த வாலிபர் ஒரு கிழவியின் காலடியில் போய் உட்கார்ந்ததும், அதை எழுதிவைத்ததும் சின்ன விசயமல்ல. மற்றவர் யூஸே பெனேகாஸ். கிரனடாவின் பெருங்குடியில் பிறந்தவர், வீழ்ச்சியைக் கண்ணால் கண்டவர், மனைவியையும் மக்களையும் பறிகொடுத்தவர். அவர் வாலிபரிடம் தன் துயரத்தைச் சொல்கிறார். நம் வாய்பாட்டின்படி அவர் அரண்மனைகளை எண்ணி அழ வேண்டும். அவர் அப்படி அழவில்லை. போனது திரும்பாது, அதை அவர் ஒதுக்கி வைத்துவிடுகிறார். அவருடைய பயமெல்லாம் வரப்போகும் நாட்களைப் பற்றியது. சொல் கொடுத்த மன்னனே சொல்லைக் காக்காதபோது அவனுக்குப் பின் வருகிறவர்களிடம் எதை எதிர்பார்ப்பது என்பதும், இளந்தலைமுறை தீனை எப்படித் தாங்கும் என்பதும் அவருடைய கேள்விகள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்களுக்கு இந்தப் பேச்சின் தொனியை விளக்கத் தேவையில்லை.

இந்த இருவரும் மன்செபோவின் கற்பனையாக இருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. இருந்தாலும் என்ன? பாத்திரமாகப் படைத்தார் என்றால் எழுத்தாளராக அவருடைய மதிப்புக் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. வீழ்ச்சியை வாழ்ந்து பார்த்த ஒருவரின் வாயில் முன்னோக்கிய துயரத்தை வைத்ததுதான் அவருடைய சாதனை. அல்ஹம்ராவை ஒருநாளும் காணாத நாம் 500 ஆண்டுகள் கழித்து அதன் தடாகத்துக்காக அழுகிறோம். அதன் நிழலில் வாழ்ந்தவர் பிள்ளைகளுக்காக அழுதார்.

பெனேகாஸ் பயந்தது நடந்தது. 1609இல் மூன்றாம் பிலிப் மன்னன் மொரிஸ்கோக்களை வெளியேற்றக் கட்டளையிட்டான். 1614க்குள் சுமார் மூன்று இலட்சம் பேர் அனுப்பப்பட்டார்கள். அந்நாளில் போர்த்துக்கலுக்கும் அவனே அரசன். ஆகவே இலங்கைக் கரையோரத்துக்கும் அவனே அரசன். அவனுடைய மகன் காலத்தில், 1626இல், போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்பில் குடியமர்த்தினான். கிழக்கில் பல குடும்பங்களின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரே மாளிகையின் இரண்டு கட்டளைகளை நாம் இரண்டு புத்தகங்களில் படித்துவிட்டு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வெளியேறியவர்கள் ஏடுகளைக் கொண்டுபோகத் துணியவில்லை, எரிக்கவும் மனம் வரவில்லை. 1884இல் அரகோன் பகுதியின் அல்மொனாஸித் தெ லா ஸியர்ரா என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை உடைத்தபோது, போலித் தளம் ஒன்றின் கீழே அரபு எழுத்து ஏடுகள் குவியலாகக் கிடந்தன. சிலவற்றை ஊர்ச் சிறுவர்கள் எரித்து விளையாடிவிட்டார்கள். மிச்சம் காப்பாற்றப்பட்டு மத்ரித் போய்ச் சேர்ந்தது. 'தஃப்ஸீரா' அந்தக் குவியலில் ஒன்று.

நம்மிடம் தரைக்குக் கீழே ஒளிக்க வேண்டிய தேவை வரவில்லை. கலாநிதி ம. மு. உவைஸ் போன்றோர் உழைத்ததால் அச்சில் வந்தவற்றின் பெயர்களாவது தெரியும். ஆனால் எங்கட பக்கத்தில், மூத்தம்மாவின் பெட்டியில் கிடந்த அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்த்து, வாசிக்கத் தெரியாமல், 'அல்குர்ஆன் ஏடாயிருக்கும், காலில் படக்கூடாது' என்று மரியாதையோடு கடலில் விட்டதை நானே அறிவேன். அதில் இருந்தது தாலாட்டாகவும் இருந்திருக்கலாம், வைத்தியக் குறிப்பாகவும் இருந்திருக்கலாம். உயர்தர வகுப்பில் தமிழும் அரபியும் ஒன்றாகப் படிக்கும் பிள்ளைகள் நம் பாடசாலைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தவணை போதும், இந்த எழுத்தைக் கூட்டி வாசிக்க.

'தஃப்ஸீரா'வை நர்வாயெஸ் எழுத்தெழுத்தாகப் பெயர்த்து 2003இல் மத்ரித்தில் பதிப்பித்தார். அரேவலோ வாலிபர் ஒளித்து எழுதியதை இன்று ஸ்பானியம் தெரிந்த எவரும் லத்தீன் எழுத்தில் வாசித்துக்கொண்டு போகலாம். 'ஹலேகார்' போன்ற சொல் வரும் இடங்களில் மட்டும் கொஞ்சம் நின்று, பொருளைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.